மணிக்கு ஒருமுறை மௌனம்

ஷிராக் சமவெளியில் டிசம்பர்.
ஒன்பது மாடி
ஒரு மாடியாகிக் கிடந்தது.
நான் மிஹ்ரான், கிரேன் ஓட்டுபவன்.
எரெவானிலிருந்து இரவோடு இரவாக வந்தவன்.
கடவுள் இல்லை என்று பள்ளியில் படித்து
அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன்.

சவப்பெட்டிகள் விளையாட்டு மைதானத்தில்.
குளிர்காய ஒன்றை உடைத்தவனை
யாரும் ஏசவில்லை.
பாவத்துக்குத் தண்டனை இது என்றார் ஒரு தாடிக்காரர்.
மேஸ்திரி வாஹே பேசாமல்
அவர் கையில் ஒரு மண்வாரியைக் கொடுத்தார்.

மணிக்கு ஒருமுறை
வாஹே சிவப்புத் துணியை உயர்த்துவார்.
கிரேன் நிற்கும். லாரிகள் நிற்கும்.
ஜெனரேட்டர் விக்கி விக்கி அடங்கும்.
அழுகிற பெண்கள்
தலைத்துணியை வாயில் திணித்துக்கொள்வார்கள்.
வீறிடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு
யாரோ தெருமுனைக்கு ஓடுவார்கள்.
பனி விழுவது காதில் கேட்கும் என்று
அதற்கு முன் எனக்குத் தெரியாது.

குப்புறப் படுத்திருப்போம் நாற்பது பேர்,
கான்கிரீட்டில் காதை வைத்து.
உறைந்த கல்லில் கன்னத்துத் தோல் ஒட்டிக்கொள்ளும்.
பிய்த்துத்தான் எழ வேண்டும்.

மூன்றாம் நாள் பிற்பகலில்
சாவியால் தட்டுகிற சத்தம்.
இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.
ஒன்பது மணிநேரம் தோண்டியபின்
சத்தேனிக் வெளியே வந்தாள்.
காலுறைத் தொழிற்சாலையில் பின்னல் வேலை.
கையில் சாவி.
அதற்குரிய கதவு
எங்கள் லாரி ஒன்றில் எப்போதோ போய்விட்டிருந்தது.

முதலில் அவள் தண்ணீர் கேட்கவில்லை.
என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"ஏன் நிறுத்தினீர்கள்?
உறுமல் கேட்கும்போதெல்லாம்
வருகிறார்கள், வருகிறார்கள் என்று கிடந்தேன்.
சட்டென்று நின்றுவிடும்.
மணிக்கொரு தரம் என்னைப் புதைத்தீர்கள்.
ஆண்டவரே நீருமா போய்விட்டீர் என்று கத்தினேன்,
குரல் எழும்பவில்லை.
ஆத்திரத்தில் சாவியால் சுவரை அடித்தேன்."

ஆத்திரத்தில்.
அதுதான் எங்கள் காதில் விழுந்தது.

நாங்கள் போகவில்லை, தாயே.
உனக்கு நாங்கள் இல்லாமற்போன அந்த நேரம்தான்
உடம்பெல்லாம் செவியாக
உன்மேல் கவிழ்ந்துகிடந்த நேரம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்ட்ரெட்சர் நகர்ந்துவிட்டது.

இதோடு முடித்தால்
பிரசங்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.
ஆனால் அதே கட்டடத்தின் தெற்கு மூலையில்
என் தம்பி அர்தவாஸ்த்,
அவன் மகள் நுனே, ஆறு வயது.
அங்கேயும் நிறுத்தினோம்.
அங்கேயும் செவிசாய்த்தோம்.
என் இடது கன்னத் தழும்பு
அந்த மூலையின் கல் தந்தது.
ஐந்து நாள். நூற்றிருபது மௌனம்.
ஒரு தட்டும் வரவில்லை.

ஆறாம் நாள்
வாஹே சிவப்புத் துணியை உயர்த்தவில்லை.
மடித்து மேல்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.
இயந்திரங்கள் நிற்காமல் ஓடின, பொழுது சாயும்வரை.
கைவிடுதல் எப்படி இருக்கும் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.
அது மௌனமாக இல்லை.
ஓயாத இரைச்சலாக இருந்தது.

இப்போது மாலை வழிபாட்டுக்குப் போகிறேன்.
மணலில் ஒரு மெழுகுவர்த்தி நட்டு
தூணோரம் நிற்கிறேன்.
ஆண்டவரே இரங்கும் என்பதற்கு மேல்
எந்த ஜெபமும் மனப்பாடமில்லை.
தம்பியைப் பற்றிக் கேட்கிறேன்.
நுனேயைப் பற்றிக் கேட்கிறேன்.
பதில் வருவதில்லை.
வராத அந்த இடத்தில்
யாரோ குப்புறக் கிடந்து,
கன்னம் கல்லோடு ஒட்டியிருக்க,
மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதாக
நம்புகிறேன்.
அறிந்தவன் இல்லை. நம்புகிறவன்.
சில நாள் அதுவும் இல்லை.

அந்த நாட்களில்
பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத்
தூணில் தட்டுகிறேன்.
இரண்டு தட்டு.
முன்னால் நிற்பவர் திரும்பி முறைக்கிறார்.
மறுபடி இரண்டு தட்டு, சற்றுக் கோபமாகவே.
பிறகு
இடைவெளி.